நரிக்குப் பிறந்தநாள்

நரி முகத்தில் விழித்தால் அன்று முழுதும் நல்லதே நடக்கும் என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் நரி முகத்தில்தான் விழித்தேன். காட்டில் அன்று, என் அறைத் தோழர் மூக்குக்கு நேரே நீட்டிய கைப்பேசியில். எங்கோ மேல்நாட்டில், ஒரு வீட்டின் கூடத்தில், செந்நரி ஒன்று நாற்காலியில் வீற்றிருந்தது. தலையில் காகிதக் குல்லாய். கழுத்தில் பட்டு நாடா. எதிரே மெழுகுவத்தி எரியும் கேக். சுற்றிலும் பலூன்களும் கைதட்டும் விருந்தினரும். நரியாருக்கு அன்று ஓராண்டு நிறைவாம்!

“ஏனப்பா, நாய்க்குட்டி போலத்தானே இருக்கிறது? நாமும் ஒன்று வளர்த்தால் என்ன?” என்றார் தோழர்.

கால்நடை மருத்துவம் படிக்கும் நண்பர் ஒருவர் எங்களுக்கு உண்டு. அவர் அந்தப் படத்தை இருமுறை பார்த்தார். “காதைப் பாருங்கள், பின்னால் ஒட்டிக் கிடக்கிறது. உடம்பைப் பாருங்கள், பதுங்குகிறது. இது மகிழ்ச்சி அன்று, அச்சம். இந்த விருந்தில் யாராவது ஒருவர் கடிபட்டால், அந்த நரிக்கு அடுத்த பிறந்தநாளே வராமல் போகலாம்” என்றார்.

அந்தக் கடைசிச் சொல் என்னை விடவில்லை. அவரிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே சொல்லுகிறேன்.

பழகியதும் பண்பட்டதும்

நாய் மனிதனோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன. நரிக்கு அத்தகைய வரலாறு இல்லை. ஆயினும் ஒரு பெரிய முயற்சி நடந்திருக்கிறது. சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் நகருக்கு அருகே, டிமித்ரி பெல்யாயெவ் என்னும் மரபியல் அறிஞர் 1959-இல் அதைத் தொடங்கினார். உரோமத்துக்காகப் பண்ணைகளில் வளர்த்த வெள்ளி நரிகளை அவர் எடுத்துக்கொண்டார். வெள்ளி நரி என்பது செந்நரியின் கருநிற வகையே. மனிதரைக் கண்டு அஞ்சாமல், சீறாமல் இருக்கும் குட்டிகளை மட்டும் அடுத்த தலைமுறைக்குத் தேர்ந்தெடுத்தார். ஆண்குட்டிகளில் 100-க்கு 4 அல்லது 5, பெண்குட்டிகளில் 100-க்கு 20 என்ற அளவில்தான் தேர்வு. 4-ஆம் தலைமுறையிலேயே மனிதரைக் கண்டு வாலாட்டும் குட்டி பிறந்துவிட்டது. பெல்யாயெவ் 1985-இல் மறைந்த பின்னும் லுட்மிலா த்ரூட் அம்மையார் அப்பணியை விடாது நடத்தினார். முதல் 40 ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 45,000 நரிகள் இந்தச் சோதனையில் வளர்ந்தன.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து மடியில் வளர்த்தால் அது நம்மோடு பழகும். ஆனால் பழகுவது வேறு, தலைமுறை தலைமுறையாகப் பண்படுவது வேறு. வீடுகளில் இருக்கும் நரிகளில் மிகப் பலவும் சைபீரிய வழியில் வந்தவை அல்ல. தன்னை வளர்த்த ஒருவரிடம் குழையும் நரி, புதியவர் நால்வர் கூடினால் கட்டிலுக்கடியில் ஓடி ஒளியும். பிறந்தநாள் என்றால் கூட்டம் என்று எண்ணுகிறவர்கள் முதலில் மறப்பது இதைத்தான்.

எந்த நாள்?

நரி ஆண்டுக்கு ஒரு முறைதான் ஈனும். செந்நரி குளிர்காலத்தில் இணை சேர்ந்து, ஏறத்தாழ 52 நாள் சுமந்து, இளவேனில் தொடக்கத்தில் குட்டி போடும். பிரிட்டனில் மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களே நரிக்குட்டிகளின் காலம். ஆகவே நாள் குறித்து வைக்காதவர்களும் அந்தப் பருவத்தில் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளலாம், பெரும்பிழை நேராது.

நாளைவிட வேளை முக்கியம். நரி அந்தியிலும் இரவிலும் நடமாடும் பிராணி. நண்பகலில் அதை உறக்கத்திலிருந்து இழுத்து வந்து குல்லாய் மாட்டுவது, நள்ளிரவில் நம்மை எழுப்பி நாதசுரக் கச்சேரிக்கு உட்கார வைப்பது போன்றதாகும்.

இலையில் என்ன போடுவது?

விருந்தில் முதலில் விலக்க வேண்டியது, நமக்கு மிகவும் பிடித்த சாக்லேட். அதிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருளை நாயின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும். அது தங்கி இதயத்தைத் தாக்கும். நரியும் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்ததே. சர்க்கரை நீங்கிய இனிப்புகளில் சேர்க்கப்படும் சைலிட்டால், நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்திவிடும். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கின்றன. நரிக்கும் அப்படியே ஆகுமா என்று நாம் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ என்று கதையில் வந்த நரி சொன்னதை வேதவாக்காகக் கொண்டு விட்டுவிடலாம்.

பச்சை மீனிலும் எச்சரிக்கை வேண்டும். 1930-களில் அமெரிக்க நரிப்பண்ணைகளில் நரிகள் கால் முடங்கி மாண்டன. அவற்றுக்குப் பச்சைக் கெண்டையினம் போன்ற மீன்களைத் தீனியில் கலந்து வந்தார்கள். அம்மீன்களிலுள்ள ஒரு நொதி, தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை அழித்துவிட்டது என்று பின்னர்த் தெரிந்தது. வேகவைத்தால் அந்த நொதி செயலற்றுப் போகும்.

அப்படியானால் என்னதான் கொடுப்பது? எலும்பு நீக்கி வேகவைத்த கோழி இறைச்சி, ஒரு முட்டை, சில அவுரிப்பழங்கள் ஆகியவற்றைப் பிசைந்து ஒரு சிறு உருண்டையாக்கினால் அதுவே நரியின் கேக். உப்பு, மசாலை, பாலேடு எதுவும் வேண்டா. அன்றைய உணவின் அளவுக்குள்ளேயே அது அடங்க வேண்டும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். அதைக் கண்டிப்பாக விலக்க வேண்டும்.

விருந்தினரும் கடியும்

மெழுகுவத்தி வேண்டா; உரோமத்தில் தீப்பொறி விழ ஒரு நொடி போதும். பலூன் வேண்டா, வெடித்தால் அச்சம், விழுங்கினால் குடலடைப்பு. பட்டு நாடாவும் அப்படியே. வெடிச் சத்தம் அறவே கூடாது. புல்லுக்கடியில் எலி ஓடும் ஓசையைக் கேட்டு இரை பிடிக்கும் செவி அது.

வருகிறவர்கள் இருவர் மூவராக, முன்னமே பழகியவர்களாக இருத்தல் நலம். கதவைத் திறந்து மூடுவதை ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். நரி ஏறவும் வல்லது, தோண்டவும் வல்லது. ஓடிவிட்டால் பிடிப்பது எளிதன்று. சிறு குழந்தைகளை அருகே விடக்கூடாது. நரி ஒளிய விரும்பினால் அதற்கு ஒரு மறைவிடம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். அங்கே போன நரியை யாரும் பின்தொடரக் கூடாது.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு? நண்பர் சொன்ன கடைசிச் சொல்லுக்கு இப்போது வருகிறேன். அமெரிக்காவில் நாய் ஒருவரைக் கடித்தால் அதை 10 நாள் கட்டிவைத்துக் கவனிக்கிறார்கள். அந்நாளில் நோய்க்குறி தோன்றாவிட்டால், கடித்த நேரத்தில் அதற்கு வெறிநோய் இல்லை என்று முடிவு செய்கிறார்கள். நரிக்கு அப்படி ஒரு கவனிப்புக் காலம் வகுக்கப்படவில்லை. வீட்டு நரிக்கென உரிமம் பெற்ற வெறிநோய்த் தடுப்பூசியும் அங்கே இல்லை. நாய்க்குரிய ஊசியைப் போட்டிருந்தாலும் அதிகாரிகள் அதைக் கணக்கில் கொள்வதில்லை. ஐயம் நீங்க ஒரே வழி மூளையைச் சோதிப்பது. மூளையைச் சோதிக்க நரி உயிரோடு இருக்க முடியாது. குல்லாய் மாட்டிய கையில் ஒரு பல் பட்டால் போதும். கடித்தவர் நரியானாலும், பிழை செய்தவர் நாமானாலும், தண்டனை நரிக்கே!

கடிபட்டவரும் வாளா இருத்தல் ஆகாது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நரியைக் காப்பாற்றுவதற்காகக் கடியை மறைப்பது உயிரோடு விளையாடுவதாகும்; வெறிநோய் முற்றித் தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது.

நரி விரும்பும் பரிசு

மிஞ்சிய இரையை நரி ஒரே இடத்தில் குவிப்பதில்லை. இங்கொன்று அங்கொன்றாகக் குழி தோண்டிப் புதைத்து, மூக்கால் மண்ணைத் தள்ளி மூடும். பின்னர்த் தேடி வந்து எடுக்கும். எடுத்துத் தீர்ந்த குழியில் சிறுநீர் தெளித்து, ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று தனக்குத்தானே குறித்தும் வைக்கும். பலர் முகஞ்சுளிக்கும் அந்த நாற்றம் நரிக்குக் கணக்கேடு!

ஆகவே சிறந்த பரிசு, ஒரு தொட்டி நிறைய மணலும் அதில் புதைத்து வைத்த நாலைந்து தின்பண்டங்களுமே. அந்தி வேளையில் மணலை வைத்துவிட்டு, எட்ட நின்று பார்த்தால் போதும். தோண்டும், முகரும், ஒன்றை எடுத்து வேறிடத்தில் ஒளித்து வைக்கும். பிறந்தநாளை ஒட்டி, நரியைப் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் ஆண்டுக்கொரு முறை எடை, பல், குடற்புழு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்வதும் நல்ல பரிசே. நரிக்கு மருத்துவம் பார்ப்பவர் அருகில் இல்லாத ஊரில் நரி வளர்க்கவே கூடாது.

நம் நாட்டில்

நம் தோழரின் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. நம் நாட்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. அதன்படி இந்திய நரியைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். சகாராப் பாலைவனத்து ஃபென்னெக் நரி போன்ற அயல்நாட்டு இனங்களுக்கும் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டாயப் பதிவை விதித்திருக்கிறது.

நரியை வைத்து விழாக் கொண்டாடியது மேல்நாட்டார் மட்டுமல்லர். சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்துக் கிராமங்கள் சிலவற்றில், பொங்கலை ஒட்டி வங்காநரியைப் பிடித்து வந்து, மாலையிட்டு, மக்கள் முன் ஓடவிட்டு, மீண்டும் காட்டில் விடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. நரி முகத்தில் விழித்தால் விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கையே காரணம். வனத்துறை அதற்காக அபராதம் விதித்ததும் உண்டு. அங்கே மாலை, இங்கே குல்லாய். இரண்டிலும் அன்பு இருக்கலாம். ஆனால் இரண்டிலும் நரியின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

நம் வளாகத்துப் புதர்க்காட்டிலும் இரவில் ஊளை கேட்கிறது. நரி என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், ஊளையிடுவது ஆங்கிலத்தில் ஜாக்கால் எனப்படும் அதன் உறவினம். அதற்கு ரொட்டி வீசும் நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். வீசிய ரொட்டிக்குத் தெருநாய்களும் வருகின்றன. நாய்களிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் என்னும் கொள்ளைநோயும் காட்டு விலங்குகளுக்குத் தொற்றும். ஆகவே நம் வளாகத்து நரிக்கு நாம் தரக்கூடிய பிறந்தநாள் பரிசு ஒன்றுதான்: மிச்ச உணவை வெளியே கொட்டாமல் தொட்டியில் போட்டு மூடுவது.

என் அறைத் தோழர் இப்போது நரி வளர்க்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டார். நேற்றிரவு ஊளை கேட்டதும் சன்னலைத் திறந்தார். ரொட்டியை எடுக்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, விளக்கை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.