அட்டைகளும் ஆசிரியரும்

சில வருஷங்களுக்கு முன் அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், செயல்வழிக் கற்றல் அட்டைகள் ஞாபகம் இருக்கும். சுவரில் ஏணிப்படி அட்டவணை, தலைக்கு மேல் கம்பிப்பந்தல், தரையில் பாய். அந்த வகுப்பறைக்குப் பின்னால் ஒரு தத்துவவாதியின் பள்ளத்தாக்கு இருக்கிறது. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

அந்தத் தத்துவவாதி ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1895இல் மதனப்பள்ளியில் பிறந்தவர். 1909இல் குடும்பம் அடையாறுக்கு வந்தது. மயிலாப்பூரில் பள்ளிக்கூடம் போன அந்தப் பையனுக்கு மந்தபுத்தி என்று பெயர். பிரம்படி வாங்கி அழுதபடி வீடு திரும்புவான். பின்னால் அவரை உலக ஆசான் என்று கொண்டாடிய அமைப்பை 1929இல் அவரே கலைத்தார். குருவே வேண்டாம் என்றவர், பள்ளிகளை மட்டும் கடைசிவரை விடவில்லை. மதனப்பள்ளிக்கு அருகே அந்தப் பள்ளத்தாக்கில் ரிஷி வேலி, வாரணாசியில் ராஜ்காட், சென்னையில் ‘தி ஸ்கூல்’ எல்லாம் அவர் வழியில் வந்தவை.

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பயம் இருக்கிற இடத்தில் படிப்பு ஏறாது. பயம் பிரம்பில் மட்டும் இல்லை. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடும்போதே அது வந்துவிடுகிறது. முதல் ரேங்க் வாங்கிய பிள்ளைக்கும் அந்தப் பயம் உண்டு, அடுத்த பரீட்சையில் இடம் போய்விடுமே என்று. கணக்கு, அறிவியலோடு மரத்தைப் பார்ப்பதும், தன் கோபத்தைத் தானே கவனிப்பதும் படிப்புதான் என்றார்.

கேட்க நன்றாக இருக்கிறது. கட்டணம் கட்டுகிற விடுதிப் பள்ளியில் நடக்கும், கிராமத்தில் நடக்குமா? ரிஷி வேலியின் கிராமக் கல்வி மையம் அதற்குத்தான் வழி கண்டது. சுற்றுக் கிராமங்களில் ஒரே ஆசிரியர், ஒரே அறை, பல வகுப்புப் பிள்ளைகள். எல்லாரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிற பாடப்புத்தகத்தை அவர்கள் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள்.

ஒரு சிறுமி கடலை பறிப்புக்காகப் பதினைந்து நாள் வரவில்லை என்று வையுங்கள். வழக்கமான வகுப்பில் அவள் திரும்பும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். அவள் கடைசி வரிசைக்குப் போவாள். இங்கே ஏணிப்படியில் தான் விட்ட படியைப் பார்த்து, அதற்குரிய அட்டையைத் தட்டிலிருந்து அவளே எடுப்பாள். அறிமுக அட்டை, பயிற்சி அட்டை, பிறகு சோதிக்கும் அட்டை. அதில் தடுமாறினால் குறைதீர் அட்டை. தேறினால் அடுத்த மைல்கல். “ஃபெயில்” என்று யாரும் சொல்ல வேண்டியதே இல்லை.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல், ஆணையர் எம்.பி. விஜயகுமார் முயற்சியில், இந்த முறையைத் தழுவிச் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தார். பிரம்படி வாங்கிய பையனின் எண்ணம் அரசுப் பள்ளித் தரைவரை வந்து சேர்ந்ததை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

ஆனால் அட்டையைக் கட்டுக்கட்டாக அச்சடித்து அனுப்பிவிடலாம், கவனத்தை அனுப்ப முடியாது. எந்தப் பிள்ளை எங்கே திணறுகிறது என்று பார்க்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். பதிவேடும் புள்ளிவிவரமும் அந்த நேரத்தைத் தின்றால், பிள்ளை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கிருஷ்ணமூர்த்தியும் முறையை நம்பவில்லை. ஆசிரியரிடம் பயம் போகாமல் பிள்ளையிடம் போகாது என்றுதான் சொல்லிவந்தார்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 மதிப்பெண்ணோடு நிற்காத முழுமை முன்னேற்ற அட்டை பற்றிப் பேசுகிறது. தமிழ்நாட்டில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. இரண்டின் நோக்கமும் நல்லதே. ஆனால் “பக்கத்து வீட்டுப் பிள்ளை மலராமே, நீ இன்னும் அரும்புதானா?” என்று நாம் கேட்டால் அதுவும் ரேங்க்தான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, என் பிள்ளை எத்தனையாவது என்று கேட்காதீர்கள். போன மாதம் தெரியாத எது இப்போது தெரிகிறது என்று கேளுங்கள். கூடவே, இந்தப் பள்ளிக்கு இன்னொரு ஆசிரியர் எப்போது வருவார் என்றும் கேளுங்கள்.