வெண்சுவருக்குப் பின்னால் யார்?



சிங்கப்பூர் நகரின் நடுவே சென்ட் அன்ட்ரூஸ் தேவாலயம் தூய வெண்ணிறத்தில் உயர்ந்து நிற்கிறது. அதனைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள்!

சுமாத்திராவின் பென்கூலனில் வைத்திருந்த இந்தியக் கைதிகளை ஆங்கிலேயர் 1825இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தனர். பின்னர் இந்தியாவிலிருந்தும் பலர் வந்தனர். அவர்கள் பாதை போட்டார்கள். செங்கல் சுடவும் கல் செதுக்கவும் கற்றார்கள். தேவாலயத்துக்கு 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1862இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. 1869இல் முடிந்த ஆளுநர் மாளிகையும் அவர்களது உழைப்பே. இன்று அதுவே ஜனாதிபதியின் 'இஸ்தானா'.

தேவாலயச் சுவர்ப்பூச்சின் பெயர் 'மெட்ராஸ் சுண்ணாம்பு'. சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக் கருவும் சீனியும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசினார்கள். காய்ந்தபின் பளபளக்கத் தேய்த்தார்கள். எல்லாம் நம் அடுக்களைக்குப் பழகிய பொருட்களல்லவா!

1873இல் கைதிச் சிறை மூடப்பட்டது. விடுதலையான பலர் அங்கேயே குடியமர்ந்தனர். தேவாலயத்தை வரைந்த மக்பர்சனின் பெயரை நூல்கள் கூறுகின்றன. சுண்ணாம்பு குழைத்தவர்களின் பெயரை யார் கூறுகிறார்கள்?

பிள்ளைகளுக்குப் பழைய கட்டிடமொன்றைக் காட்டும்போது, கட்டுவித்தவரோடு கட்டியவரையும் பற்றிச் சொல்லுங்கள். குற்றவாளியென ஒதுக்கப்பட்டவரின் கைகளாலும் ஒரு நகரம் எழுந்ததை அவர்கள் அறியட்டும்.