2.7 கி.மீ.க்கு ஒரு ஃப்ளைட்டா? 2 நிமிட விமானத்தின் கதை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என இரண்டு தீவுகள். இரண்டிலும் குட்டி விமான நிலையங்கள். இடையே வான்வழி தூரம் வெறும் 2.7 கி.மீ. எடின்பரோ விமான நிலைய ஓடுபாதையே கிட்டத்தட்ட அவ்வளவு நீளம்!

அட்டவணைப்படி பயண நேரம் 2 நிமிடம். காற்று கைகொடுத்தால் இன்னும் சீக்கிரம். சாதனை 53 விநாடி. பெல்ட்டைப் போட்டு நிமிர்வதற்குள் இறங்க வேண்டியதுதான். 'ஐலேண்டர்' என்ற சின்ன விமானம், பைலட் ஒருவரே. அவர் பக்கத்து சீட்டும் பயணிக்குத்தான்.

'இதுக்கு எதுக்கு ஃப்ளைட், படகு போதாதா?' படகும் உண்டு. ஆனால், குளிர்காலக் கடலை நம்ப முடியாது. தவிர, இந்த விமானம் 2.7 கி.மீ.க்காக மட்டும் கிளம்புவதில்லை. ஆர்க்னியின் முக்கிய நகரமான கிர்க்வாலில் இருந்து வந்து, டவுன் பஸ் மாதிரி இரு தீவுகளிலும் நின்று திரும்பும். பெரிய மருத்துவமனை இருப்பதும் கிர்க்வாலில்தான்.

பாப்பா வெஸ்ட்ரேயில் நூறு பேர்கூட இல்லை. டிக்கெட் காசை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகாது. உள்ளூர் கவுன்சில் மானியம் தருகிறது. அதனால்தான் 1967இல் லோகன்ஏர் தொடங்கிய இந்தச் சேவையில் ஆசிரியர்களும் மருத்துவர்களும் நோயாளிகளும் இன்றும் பறக்கிறார்கள். பனிமூட்டம் இறங்கினால் மட்டும், அந்த 2 நிமிடத்துக்காக மணிக்கணக்கில் காத்திருக்கணும்.