கடற்சாமந்தியும் கண்ணாடித் தொட்டியும்

பாறை இடுக்கில் கால் ஊன்றி, நீரோட்டத்தோடு அசைந்து நிற்கும் கடற்சாமந்தியைக் கடலில் பூத்த பூவென்று எண்ணுவோர் இன்றும் உண்டு. அனிமோன் என்று ஆங்கிலேயர் வைத்த பெயரும் ஒரு பூவின் பெயரே. ஆனால் அது பூவன்று. பவளத்திற்கும் ஜெலி மீனுக்கும் உறவான ஒரு விலங்கு. இதழ்கள் போல் தோன்றுபவை கொட்டும் கலங்கள் நிறைந்த உணர்கொம்புகள்; நடுவில் இருப்பது வாய். இவ்விலங்கை வீட்டுத் தொட்டியில் வளர்க்க வேண்டும் என்ற ஆசை, கடலை வாசலில் வைத்திருக்கும் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் போன்ற ஊர்களில் எழுவது வியப்புக்குரியதன்று. நன்னீர் மீன் தொட்டியில் கைதேர்ந்தவர் அடுத்ததாகக் கண் வைப்பது உவர்நீர்த் தொட்டியின் மீதே. அந்த ஆசை நிறைவேறக் கூடியதா, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பவற்றை விளக்குவது பயனுள்ளது.

2003 ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தின் பின்னர் கோமாளி மீனையும் கடற்சாமந்தியையும் பிரிக்க முடியாத சோடியாகவே பிள்ளைகள் அறிந்துள்ளனர். கடலில் அது உண்மை. தன்னை விழுங்க வரும் பெரிய மீன்களிடமிருந்து தப்புவதற்குக் கோமாளி மீன் அந்தக் கொட்டும் கொம்புகளுக்குள் புகுந்து கொள்கிறது. தொட்டியிலோ விழுங்க வருவார் எவருமில்லை. அங்கே கடற்சாமந்தி இன்றியே கோமாளி மீன் பல்லாண்டு வாழும். முட்டையிட்டுக் குஞ்சும் பொரிக்கும். ஆகவே மீனின் நலனுக்காகக் கடற்சாமந்தி வாங்குகிறோம் என்று சொல்வது பொருந்தாது. நம் கண்ணுக்காகவே வாங்குகிறோம்.

அது எவ்வளவு காலம் வாழக்கூடியது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. ஸ்கொட்லாந்தின் நோர்த் பெரிக் கடற்கரையில் 1828 ஆம் ஆண்டு ஜோன் டாலியெல் என்ற இயற்கையியலாளர் எடுத்து வந்த ஒரு கடற்சாமந்தி, அவர் மறைந்த பின்னரும் எடின்பரோவில் கைமாறிக் கைமாறி ஒரு கண்ணாடிப் பாத்திரத்திலேயே வாழ்ந்து 1887 ஆம் ஆண்டுதான் இறந்தது. 'பாட்டி' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. 59 ஆண்டுகள்! ஆயினும் இதனைக் கேட்டு எவரும் துணிந்துவிட வேண்டாம். அது வற்றுப் பெருக்கில் வெயிலையும் மழையையும் தாங்கிப் பழகிய குளிர்கடல் இனம். கோமாளி மீன் குடியிருக்கும் வெப்பக்கடல் இனங்கள் வேறு. அவற்றின் உடலுக்குள்ளே நுண்பாசிகள் வாழ்கின்றன. அப்பாசிகள் ஒளியைக் கொண்டு ஆக்கும் உணவே அவற்றின் பிரதான உணவு. ஒளி குறைந்தால் பாசி குறையும்; பாசி குறைந்தால் நிறம் வெளிறி, உடல் சுருங்கி, வாரக்கணக்கில் பட்டினி கிடந்து இறக்கும். வெளிறிய கடற்சாமந்தியை 'வெள்ளை இனம்' என்றும், சாயம் தோய்த்ததை மஞ்சள், இளஞ்சிவப்பு என்றும் விற்கும் வழக்கம் உலகச் சந்தையில் உண்டு. அழகென்று வாங்கப்படுவது உண்மையில் ஒரு நோயாளி.

நல்ல ஒளி மட்டும் போதாது. உப்புச்செறிவு ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற அளவில் அசையாதிருக்க வேண்டும். வெப்பநிலை 25 முதல் 28 பாகை செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். அமோனியா அறவே கூடாது. தொட்டி அமைத்து ஆறு மாதமாவது, கூடுமாயின் ஓராண்டு கழியும் முன்னர் கடற்சாமந்தியை இடலாகாது என்பதே அனுபவசாலிகளின் கருத்து. மீன் நோய்க்கு இடும் செம்பு கலந்த மருந்து இதற்கு நஞ்சு. இன்னொன்று: இது ஓரிடத்தில் நிற்கும் உயிரன்று. இடம் பிடிக்காவிட்டால் இரவோடிரவாக ஊர்ந்து சென்று நீர்ப்பம்பியின் வாயில் சிக்கிக் கிழிபடும். பெரிய கடற்சாமந்தி ஒன்று தொட்டியில் இறந்து அழுகினால், பெரும்பாலும் அதோடு மீன்களும் போய்விடும்.

நம் பிரதேசத்தில் இச்சிரமங்கள் இரட்டிப்பாகின்றன. கடல் அருகிலிருக்கிறதே, கானில் அள்ளி வந்து ஊற்றினால் போயிற்று என்று நினைப்பது இயல்பு. ஆனால் மாரி காலத்தில் கரையோர நீர் கலங்கல். முகத்துவாரங்கள் வெட்டுண்டு வெள்ளம் பாயும் நாட்களில் உப்பும் குறைந்துவிடும். கோடையில் வீட்டினுள்ளேயே வெப்பம் 30 பாகையைத் தாண்டும். நீரைக் குளிரூட்டும் கருவிக்கும் அதன் மின்கட்டணத்துக்கும் பணம் வேண்டும். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பம்பி நின்ற தொட்டியில் ஒட்சிசன் குறைய அத்தனை மணி நேரம் தேவையில்லை.

சரி, இவ்வுயிர்கள் எங்கிருந்து வருகின்றன? அலங்கார மீன் ஏற்றுமதியில் இலங்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்கு, மேற்குக் கரையின் சுழியோடிகள் கிழக்குக் கரைக்கு வருவதும், வாடைக்காற்று தொடங்கியதும் திரும்புவதும் இத்தொழிலின் நடைமுறை. பவளப்பாறையைச் சேதப்படுத்தும் 'மொக்சி' வலை சட்டப்படி தடைசெய்யப்பட்டது. உயிருள்ள மீன்களின் ஏற்றுமதி, இறக்குமதி குறித்து 1998 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் உள்ளன. ஆயினும் சட்டத்துக்கு உட்பட்டு எடுத்தாலும் கடற்சாமந்தி மீன் போன்றதன்று. மெல்ல வளர்ந்து நெடுநாள் வாழ்வது. பாறையிலிருந்து பெயர்க்கையில் அடிப்பாதம் கிழிந்தால் பிழைப்பது அரிது. அதனை எடுத்தால் அதில் குடியிருந்த மீன்களும் வீடிழக்கும். இலங்கையிலும் மாலைதீவிலும் காணப்படும் கருங்கால் கோமாளி மீன், கடலில் ஒரேயோர் இனக் கடற்சாமந்தியையே நம்பி வாழ்கிறது. 1998 ஆம் ஆண்டின் கடல் வெப்பத்தில் நம் பவளப்பாறைகள் பல வெளிறி மடிந்த பின்னர், எஞ்சியிருப்பதிலிருந்து அள்ளுவதற்கு நியாயம் தேடுவது கடினம். 19 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல்கள் வீடுதோறும் கடல்தொட்டி மோகத்தைக் கிளப்பின. அம்மோகத்தால் கரையோரப் பாறைக் குட்டைகள் சூறையாடப்பட்டதை அவருடைய மகனே 1907 ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் வருந்தி எழுதினார்.

வளர்ப்பதே பிழை என்று நாம் வாதிடவில்லை. சிறுவர் அபூ உமைரின் சிட்டுக்குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்ததை நாமறிவோம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதியையும் அறிவோம். தமிழகத்தில் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் மையமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் நுட்பத்தை நிலைநாட்டியுள்ளன. கடற்சாமந்திகளிலும் நுனியில் குமிழ் போன்ற கொம்புடைய ஓரினம் தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும். வேண்டுமென்போர் கடலில் பிடித்ததைத் தவிர்த்து, இவ்வாறு தொட்டியில் பெருகியதைத் தேடிப் பெறலாம்.

ஏற்கெனவே ஒன்றை வாங்கி வைத்திருப்போர் பம்பியின் வாயைக் கடற்பஞ்சு வலையால் மூடி, மின்வெட்டுக்கென மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றை வைத்திருப்பது நல்லது. பராமரிக்க இயலாது போனால் கொண்டுபோய்க் கடலில் விட வேண்டாம். தொட்டியில் தொற்றிய நோயும், வேற்றுக் கடலின் இனமும் அதோடு கடலில் சேரும். அனுபவமுள்ள இன்னொருவரின் தொட்டிக்குக் கொடுத்துவிடலாம்.