திண்ணைக்கு வரும் செவிலியர்



நோயாளி, மருத்துவர், மருந்து, நோயாளியை அருகிலிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்று வள்ளுவர் வகுத்தார். நான்காமவரை அவர் 'உழைச்செல்வான்' என்று குறிக்கிறார். உழை என்பதற்குப் பக்கம் என்று பொருள். முதல் மூன்றைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நான்காமவரைப் பற்றி, சிறப்பாக, முதியோர் இருக்கும் இடத்துக்கே நடந்து வரும் செவிலியரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

எங்கள் செந்துறைப் பகுதி முந்திரியும் மானாவாரிப் பயிரும் விளையும் நிலம். பிள்ளைகள் பிழைப்பைத் தேடி வெளியூர் சென்றுவிட, முதியவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகள் பல. இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய நிலையன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர்.

மருத்துவமனை இருந்தும் இவர்கள் ஏன் செல்வதில்லை? பேருந்து ஏறி இறங்குவது கடினம். உடன் செல்பவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். இவை இரண்டும் கண்ணுக்குத் தெரியும் தடைகள். மூன்றாவது தடை மனத்தில் இருக்கிறது. "வயசானால் அப்படித்தான்" என்னும் எண்ணமே அது. கால் மரத்துப் போனாலும், பார்வை மங்கினாலும், எழுந்து நிற்கையில் தலை சுற்றினாலும் முதுமையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடுகிறோம். முதுமை ஒரு பருவம், நோயன்று. மரத்துப்போன கால் நீரிழிவின் அறிகுறியாக இருக்கலாம். அந்தக் காலில் முள் தைத்தாலும் தெரியாது. புண் புரையோடிக் காலையே இழக்க நேரிடும்.

வீடு தேடிச் செல்லும் செவிலியர் முறை பழமையானது. இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகர வணிகர் வில்லியம் ராத்போன், நோயுற்ற தம் மனைவியைப் பேணிய செவிலியரையே, மனைவி இறந்தபின் 1859இல் ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். நம் நாட்டில் 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை சிற்றூர் மருத்துவத்துக்கு வழி வகுத்தது. 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின. சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது பின்னர் அமைந்த கணக்கு.

ஆயினும் தாய்மாரையும் குழந்தைகளையும் காப்பதே நெடுங்காலம் சிற்றூர்ச் செவிலியரின் தலையாய பணியாக இருந்தது. அதனால்தான் இன்றும் அவர் வாசலில் வந்து நின்றால், திண்ணையிலிருக்கும் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். அவர் வருகை பெண்களுக்கானது என்று எண்ணுகிறார்.

அந்த எண்ணம் இனிப் பொருந்தாது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, ஏற்கெனவே மருத்துவர் குறித்த மாத்திரைகளைத் தருகிறார். படுக்கையில் கிடப்போருக்கு வலி தணிக்கும் சேவை செய்யச் செவிலியரும், முடங்கிய கை கால்களுக்குப் பயிற்சி அளிக்க இயன்முறை மருத்துவரும் வருகின்றனர்.

மருந்து வாசலுக்கு வந்துவிட்டது. வாய்க்குள் செல்வது நம் கையில் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு முதிய உழவர், "தலைவலியும் இல்லை, மயக்கமும் இல்லை. பின்னே எதுக்கம்மா மாத்திரை?" என்று செவிலியரைக் கேட்டார். அந்தப் பெண், "கரையான் கதவை அரிக்கும்போது சத்தம் போடுதா தாத்தா?" என்றார். இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் பாடம் நடத்த இயலாது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. ஒரு நாள் பக்கவாதமாக வெளிப்படும்போது அந்த வீட்டின் வாழ்வே நிலைகுலைந்துவிடும்.

ஆகவே முதிய நண்பர்களுக்குச் சிலவற்றைச் சொல்வேன். அளவு குறைந்துவிட்டது என்று மாத்திரையை நாமாக நிறுத்தலாகாது. மாத்திரையால்தான் அது குறைந்தது. அடுத்த வீட்டாரின் மாத்திரையை வாங்கி விழுங்கலாகாது. அழுத்தம் அளக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். எழும்போது தலை சுற்றினால் அதையும் சொல்லி, நிற்கவைத்தும் அளக்கச் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கண் தெரியாதவர் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் மருத்துவருக்கும் அது உதவும்.

செவிலியருக்கும் சுமை மிகுதி. தடுப்பூசி, கருவுற்ற தாய்மார், பதிவேடுகள் ஆகியவற்றுக்கு இடையேதான் அவர் முதியோரையும் நினைவில் வைக்கிறார். தனித்திருக்கும் முதியவர் ஒருவர் சில நாட்களாக வெளியே வரவில்லை என்றால், அவரிடம் அதைச் சொல்லவேண்டியவர்கள் அண்டை வீட்டார்.

அடுத்த முறை செவிலியர் வரும்போது பெரியவர்கள் திண்ணையை விட்டு நகராமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர் நடந்த நடைக்கு அதுவே கைம்மாறு.