தேசத்துக்காக ஆட மறுத்தவர்

தேசம் அழைக்கும்போது வர மறுப்பவரை ஜனங்கள் எளிதில் மன்னிப்பதில்லை. விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பதினோரு பேர் தேசத்தின் பெயரால் மைதானத்தில் இறங்கினால், அவர்களுடைய ஜயாபஜயம் தேசத்தின் மானமாகவே எண்ணப்படுகிறது. ஆகவே, நார்வே தேசத்துக் கால்பந்து வீராங்கனை அடா ஹெகெர்பெர்க், இனித் தேசிய அணியில் ஆடப் போவதில்லையென்று 2017-ம் வருஷம் அறிவித்தபோது, அவர்மீது குறை கூறியவர்கள் உண்டு. வழக்கை நிதானமாக விசாரித்தால், கூண்டில் நிற்க வேண்டியவர் அவரல்ல என்பது நமது அபிப்பிராயம்.

நார்வே ஒன்றும் பெண்களின் கால்பந்தை அறியாத நாடல்ல. 1986-ல் மெக்ஸிகோ நகரில் கூடிய சர்வதேசக் கால்பந்து மகாநாட்டில் எழுந்து நின்று, பெண்களுக்கும் உலகக் கோப்பைப் போட்டி வேண்டுமென்று கேட்டவர் எல்லன் வில்லே என்னும் நார்வே மாது. 1995 ஜூனில் நார்வேப் பெண்கள் அக்கோப்பையை வென்றார்கள். அடுத்த மாதம் ஹெகெர்பெர்க் பிறந்தார். பதினேழாவது வயதில், 2013-ல், ஜெர்மனியின் போட்ஸ்டாம் அணிக்குச் சென்றார். 2014-ல் பிரான்ஸில் லியோன் சங்கத்தில் சேர்ந்தார். எதிரியின் கோலருகே நின்று, பந்து வந்து விழும் இடத்தை மற்றவரைவிட ஒரு கணம் முன்னதாக அறிந்துகொள்வதே அவருடைய வித்தை. லியோன் சங்கமோ பெண்களின் ஆட்டத்தைப் பொழுதுபோக்காக அன்றித் தொழிலாகவே மதித்து நடத்திற்று.

அங்கே பழகியவருக்குத் தாய்நாட்டு அணியின் ஏற்பாடுகள் எவ்வாறு தோன்றியிருக்கும்? 2017-ம் வருஷத்து ஐரோப்பியப் போட்டியில் நார்வே மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பிற்று. சில வாரங்களில் அவர் விலகினார். பணத்தாசை என்று சொல்வதற்கும் இடமில்லை. அவ்வருஷத்திலேயே நார்வே சம்மேளனம் தேசிய அணிப் பெண்களுக்குரிய தொகையை 31 லக்ஷம் குரோனரிலிருந்து 60 லக்ஷமாக உயர்த்தி ஆண்களுக்குச் சமமாக்கிற்று. ஆண்கள் தங்கள் பங்கில் ஐந்தரை லக்ஷத்தை விட்டுக்கொடுத்தனர். போற்றத்தக்க காரியமே. ஆயினும் ஹெகெர்பெர்க் திரும்பவில்லை. பயிற்சியிலும் ஆயத்தத்திலும் பெண்களுக்குக் காட்டப்படும் மதிப்பிலுமே அவருடைய குறை இருந்தது.

அந்நியச் சங்கம் தாய்நாட்டைக் காட்டிலும் பெரிதோ என்று கேட்பவர்களுக்கு நாம் ஒன்று சொல்வோம். சம்மேளனத்தின் தயவை நம்பி வாழும் பெண் வாய் திறப்பது அரிது. அன்னமிடும் கை வேறிடத்தில் இருந்ததனாலேயே இவர் மறுக்க முடிந்தது. அந்த மறுப்புக்கு அவர் கொடுத்த விலையும் சொற்பமல்ல. 2019 மே மாதம் புடாபெஸ்டில் பார்ஸிலோனாவுக்கு எதிரான ஐரோப்பிய இறுதியாட்டத்தில் முதல் அரைமணிக்குள் மூன்று கோல்கள் போட்டார். ஒன்றரை மாதம் கழித்து உலகக் கோப்பையின் இறுதியாட்டம் அவருடைய லியோன் நகரிலேயே நடந்தது. அப்போட்டியில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

அதற்கு முன், 2018 டிசம்பரில், பாரிஸில் உலகின் தலைசிறந்த வீராங்கனைக்குரிய பாலோன் தோர் பரிசு முதன்முதலாக ஏற்பட்டபோது அது அவருக்கே கிடைத்தது. பரிசு வாங்கிய மேடையிலேயே, நிகழ்ச்சியை நடத்தியவர் இடுப்பை ஆட்டி நடனமாடத் தெரியுமா என்று கேட்டார்! "இல்லை" என்றார் ஹெகெர்பெர்க். கேட்டவர் பிற்பாடு மன்னிப்புக் கோரினார். அவர் எதை மதிப்பென்று கேட்டார் என்பது விளங்காதவர்களுக்கு இந்தச் சாட்சியம் போதும்.

2020 ஜனவரியில் முழங்காலில் காயமுற்று, 2021 அக்டோபரில்தான் மீண்டும் ஆடினார். 2022 மார்ச்சில், முன்னாள் வீராங்கனையான லிஸ கிளாவெனெஸ் சம்மேளனத் தலைவரானார். அதே மாதத்தில் ஹெகெர்பெர்க் தேசிய அணிக்குத் திரும்பினார். ஏப்ரலில் கொஸோவோவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல்கள். ஐந்து வருஷத்துப் பிணக்கு தீர்ந்தது. நார்வேயின் ஆட்டம் அத்துடன் சீர்ப்பட்டுவிட்டதா? ஜூலையில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் அது இங்கிலாந்திடம் 8-0 என்று தோற்றது. அன்று ஹெகெர்பெர்க்கும் ஆடினார்.