பாயப் பிறந்த நாய்க்கு நிற்கும் பாடம்

புல்வெளியில் ஃபெசண்ட் பறவையை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பதும், ஏரியில் சுடப்பட்டு விழுந்த வாத்தை நீந்திப் போய்க் கவ்வி வருவதும் இரு வேறு வேலைகள். பிரிட்டனின் பெரும் பண்ணைக்காரர்கள் இவற்றுக்குத் தனித்தனி நாய்களை வளர்த்தார்கள். ஜெர்மனியிலோ 1848 புரட்சிக்குப் பின் வேட்டையுரிமை பிரபுக்களிடமிருந்து நில உடைமையாளர் கைக்கு வந்தது. அவர்களில் பலருக்கு ஒரு நாய்தான் கட்டுப்படியாகும். குறுமயிர், கம்பிமயிர் பாயிண்டர் போன்ற பன்முக வேட்டைநாய்கள் இப்படித்தான் உருவாயின. இரண்டு வேலைக்கும் இரண்டு பயிற்சி தேவை என்று தோன்றும். உண்மையில் அடிப்படைப் பாடம் ஒன்றே: ஆசையை அடக்கிக் காத்திருத்தல்.

பறவையின் வாடை பட்டதும் அதன் திசையைச் சுட்டியபடி உறைந்து நிற்பதைப் பாயிண்டருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முதன்முறை வெளியே கூட்டிச் சென்றபோதே சில பாயிண்டர் குட்டிகள் அப்படி நிற்பதை டார்வின் 1859-இல் தம் நூலில் குறிப்பிட்டார். பாய்வதற்கு முன் பல இரைகொல்லிகள் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தை மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்து நீட்டித்தார்கள் என்பதே பொதுவான விளக்கம். மிஞ்சியிருப்பது பாய்ச்சல். பறவை சிறகடித்து எழும்போதும் துப்பாக்கி வெடிக்கும்போதும் அதைத் தடுத்து நிறுத்துவதுதான் பயிற்சியாளரின் வேலை. 1969-இல் தொடங்கிய வட அமெரிக்கப் பன்முக வேட்டைநாய்ச் சங்கத்தின் தேர்வுகளும் முதலில் இயல்பு, பிறகு அடக்கம் என்ற இந்த வரிசையிலேயே அமைந்துள்ளன. 16 மாதத்துக்குட்பட்ட குட்டியிடம் மோப்பம், தேடல், தடம் பிடித்தல், தண்ணீரில் இறங்கும் துணிவு போன்ற இயல்பான திறன்களைத்தான் பார்க்கிறார்கள். வளர்ந்த நாய்க்கான தேர்வில்தான் கரையோர மறைவிடத்தில் தனியாக விடப்பட்டு, தொலைவில் வெடிச்சத்தம் கேட்டும் அசையாமல் இருக்க வேண்டும். முறை மாறி, ஆசை முற்றுமுன் அடக்கத்தைத் திணித்தால் தேடவே தயங்கும் நாய்தான் கிடைக்கும்.

உறைபனித் தண்ணீரில் லாப்ரடார்தானே மேல் என்பார்கள். ஆமாம், அதன் அடர்ந்த உள்மயிருக்கு முன் குறுமயிர் பாயிண்டர் நிற்காது. ஆனால் அடிபட்டுப் புதருக்குள் ஓடும் பறவையைத் தடம் பிடித்து மீட்பதோடு, சுடுவதற்கு முன்பே பறவையைச் சுட்டிக்காட்டவும் வல்ல நாய் சாமானிய வேட்டைக்காரருக்குப் போதும். மின்அதிர்வுக் கழுத்துப்பட்டை இல்லாமல் துரத்தும் நாயை நிறுத்த முடியாது என்பது இன்னொரு வாதம். 2014-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில் அந்தப் பட்டையால் கூடுதல் பலன் சீராகத் தென்படவில்லை. ஆய்வுக்குட்பட்டவை வீட்டு நாய்கள் என்பதால் அதை வேட்டைக்களத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் அதிர்ச்சி கொடுப்பதன் அவசியத்தை நிரூபிக்கும் பொறுப்பு அதைக் கொடுப்பவருடையது. துரத்தும் நாயைப் பிடித்து நிறுத்த நீளக் கயிறும் மாதக்கணக்கான பொறுமையும் கைவசம் இல்லாதவர்கள் இந்த நாய்களை வாங்காமல் இருப்பதே நல்லது.